கழுத்தில் ஒரே நிறம், மணிக்கட்டில் வேறு நிறம்: சாரணர் இயக்கம் சாதியின் பெயரைச் சொல்ல வேண்டும்

தென்மாவட்டப் பள்ளி ஒன்றின் சாரணர் படையை மனக்கண்ணில் நிறுத்திப் பார்ப்போம். அனைவருக்கும் சீருடை ஒன்று. கழுத்தைச் சுற்றிய ஸ்கார்ஃபின் நிறம் ஒன்று. கொடிக்கு வணக்கம் செலுத்த உயரும் மூன்று விரல்களும் ஒன்றுபோல உயர்கின்றன. ஆனால் உயர்ந்த கையின் மணிக்கட்டில் கட்டியிருக்கும் கயிற்றின் நிறம் மட்டும் பிள்ளைக்குப் பிள்ளை வேறுபடுகிறது. ஸ்கார்ஃபின் நிறத்தைப் பள்ளி தீர்மானித்தது. கயிற்றின் நிறத்தைச் சாதி தீர்மானித்தது.

இந்தக் கயிறுகள் நம் கற்பனையில் பிறந்தவை அல்ல. மாணவர்கள் சாதியை அடையாளப்படுத்தும் வண்ணக் கயிறுகளைக் கட்டுவதைத் தடுக்கக் கோரிப் பள்ளிக் கல்வி இயக்குநரகம் 2019இல் சுற்றறிக்கை வெளியிட்டது. அன்றைய ஆட்சியாளர்களே அதிலிருந்து பின்வாங்கினர். ஐந்தாண்டுகள் கழித்து, 2024 ஜூனில் அரசிடம் அறிக்கை அளித்த நீதியரசர் கே. சந்துரு ஒருநபர் குழு, அதே கயிறுகளைத் தடை செய்யுமாறு மீண்டும் பரிந்துரைக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட காலத்தில் கயிறு அறுபடவில்லை என்பதே அதன் பொருள்.

இளைஞர் இயக்கங்களை நவீனப்படுத்த வேண்டும், அனைவரையும் உள்ளடக்கியவையாக மாற்ற வேண்டும் என்னும் பேச்சு இன்று உலகெங்கும் எழுந்துள்ளது. ஐந்து கோடிக்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட சாரணர் இயக்கத்திலும் அந்த விவாதம் பல ஆண்டுகளாக நடந்துவருகிறது. இந்தியாவில் அது சீருடை மாற்றம், செயலி, இணையவழிப் பயிற்சி என்ற அளவில் நின்றுவிடுகிறது. சாதி பேசப்படுவதில்லை. இந்தியச் சாரணர் இயக்கம் நவீனமாக வேண்டுமெனில், முதலில் அது சாதியின் பெயரைச் சொல்லியாக வேண்டும் என்பதே நம் வாதம்.

காலனியாதிக்கம் விட்டுச்சென்ற இந்தச் சீருடை இயக்கத்தைப் பற்றி நாம் ஏன் கவலைப்பட வேண்டும் என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். ஒழுங்கும் அணிவகுப்பும் தலித் அரசியலுக்கு அந்நியமானவை அல்ல. அண்ணல் அம்பேத்கரின் வழிகாட்டுதலில் உருவான சமதா சைனிக் தளம் சீருடை அணிந்த தொண்டர் படையாகவே இயங்கியது. அதைவிட முதன்மையான காரணம் ஒன்றுண்டு. நம் பிள்ளைகள் படிக்கும் அரசுப் பள்ளிகளில், வெவ்வேறு சாதிப் பிள்ளைகள் ஒன்றாகச் சமைத்து, ஒன்றாக உண்டு, ஒரே கூடாரத்தில் உறங்க வேண்டும் என்று தன் பயிற்சி முறையிலேயே கோரும் அமைப்புகள் மிகச் சில. அவற்றில் ஒன்றை நாம் கவனிக்காமல் விட்டிருக்கிறோம்.

பொதுச் சொல் யாரைக் காத்தது?

சாரணர் சட்டத்தின் மையம் சகோதரத்துவம். பேடன் பவல் 1907இல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் சோதனை முகாம் நடத்தி, அடுத்த ஆண்டு வெளியிட்ட நூலில் நான்காவது சட்டமாக ஒன்றை வகுத்தார். சாரணர் அனைவருக்கும் நண்பர், மற்றச் சாரணர் எந்தச் சமூக வர்க்கத்தைச் சேர்ந்தவராயினும் அவருக்குச் சகோதரர் என்பது அதன் சாரம். பின்னர் நாடு, மதம் ஆகிய சொற்களும் அதில் இணைந்தன. வர்க்கப் பிளவு ஆழமாக வேரூன்றிய அன்றைய இங்கிலாந்தில் வர்க்கத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது தற்செயலன்று. எந்தச் சுவர் பிள்ளைகளைப் பிரிக்கிறதோ அதன் பெயரைச் சட்டத்திலேயே எழுதினார்கள்.

அந்தச் சட்டம் கப்பலேறி இந்தியாவுக்கு வந்தபோது என்ன நேர்ந்தது? 1909இல் பெங்களூரில் முதல் சாரணர் படை தொடங்கப்பட்டது. அதில் ஐரோப்பியச் சிறுவர்களுக்கும் ஆங்கிலோ இந்தியச் சிறுவர்களுக்கும் மட்டுமே இடமிருந்தது. இந்தியச் சிறுவர்களுக்கு வரைபடம் வாசிக்கவும் தடம் அறியவும் கற்றுக்கொடுத்தால் அவர்கள் புரட்சியாளர்களாகிவிடுவார்கள் என்று ஆட்சியாளர்கள் அஞ்சினர். ஆகவே இந்தியர்கள் தமக்கான அமைப்புகளைத் தாமே உருவாக்கினர். 1916இல் அன்னி பெசன்ட் சென்னையில் இந்தியச் சாரணர் சங்கத்தைத் தொடங்கினார். வடக்கில் மதன் மோகன் மாளவியா, இருதயநாத் குன்சுரு, ஸ்ரீராம் பாஜ்பாய் ஆகியோர் சேவா சமிதிச் சாரணர் அமைப்பை உருவாக்கினர். 1921இல் பேடன் பவல் இந்தியா வந்த பிறகே ஏகாதிபத்தியச் சாரணர் இயக்கத்தின் கதவு இந்தியச் சிறுவர்களுக்கு முறையாகத் திறந்தது. விடுதலைக்குப் பின், 1950 நவம்பர் 7 அன்று அமைப்புகள் இணைந்து பாரத சாரணர் இயக்கமாயின. 1951 ஆகஸ்ட் 15 அன்று சாரணியர் அமைப்பும் அதில் இணைந்தது.

இந்த வரலாறு பாடநூல்களில் தேசிய வெற்றியாகச் சொல்லப்படுகிறது. வெள்ளையர் நம்மை ஒதுக்கினர், நாம் போராடி உள்ளே நுழைந்தோம் என்பது அதன் சுருக்கம். அந்த ‘நாம்’ என்ற சொல்லுக்குள் யார் இருந்தனர் என்ற கேள்வி அங்கே எழுப்பப்படுவதில்லை. நிறவெறியின் சுவரைக் கண்டு கொதித்த தலைவர்களின் சொந்த ஊர்களில், அதே ஆண்டுகளில், தீண்டப்படாத சாதிப் பிள்ளைகள் பொதுப் பள்ளியின் திண்ணையில்கூட அமர முடியவில்லை.

இன்று பாரத சாரண சாரணியர் இயக்கத்தின் சட்டம் ஒன்பது கூறுகளைக் கொண்டது. மூன்றாவது கூறு சாரணரை அனைவருக்கும் நண்பர் என்றும், மற்றச் சாரணர்க்குச் சகோதரர் என்றும் சொல்கிறது. அதோடு நின்றுவிடுகிறது. வர்க்கம், மதம் என்று மூலச் சட்டம் பெயர் சொன்ன சுவர்கள் அதில் இல்லை. இந்தியாவின் சுவராகிய சாதி அதில் இடம்பெறவே இல்லை. தீண்டாமையை ஒழித்த அரசமைப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு நடைமுறைக்கு வந்த அதே 1950இல் உருவான ஒரு தேசிய அமைப்பின் அடிப்படைச் சட்டத்தில் இந்த மௌனம் தொடர்வதை நாம் சாதாரணமாகக் கடந்துபோக முடியாது.

பிற நாடுகள் தரும் பாடம்

‘அனைவரும்’ என்னும் சொல் தானாக எவரையும் உள்ளே அழைத்துவராது என்பதற்கு உலகச் சாரணர் வரலாறே சான்று.

தென்னாப்பிரிக்காவில் வெள்ளையர் சாரணர் அமைப்பு கறுப்பினச் சிறுவர்களைச் சேர்க்க மறுத்தது. 1922இல் அவர்களுக்கென்று ‘பாத்ஃபைண்டர்’ என்னும் தனி அமைப்பு உருவாக்கப்பட்டது. 1936இல் அதற்குச் சாரணர் என்னும் பெயர் கிடைத்தது. ஆனால் இன அடிப்படையில் பிரிந்த இணைக் கிளைகளுள் ஒன்றாகவே அது வைக்கப்பட்டது. சட்டம் ஒன்று, சின்னம் ஒன்று, முகாம் மட்டும் வேறு வேறு. 1977இல்தான் அக்கிளைகள் ஒன்றாயின.

அமெரிக்காவில் 1910இல் தொடங்கிய சாரணர் அமைப்பு, கறுப்பினச் சிறுவர்களைச் சேர்ப்பதா வேண்டாமா என்னும் முடிவை உள்ளூர்க் கிளைகளிடம் விட்டது. தெற்கு மாநிலங்களில் தனிப்படைகளே நெடுங்காலம் வழக்கமாக இருந்தன. இனவழியில் பிரிந்திருந்த கடைசிக் கிளை 1974இல்தான் ஒருங்கிணைந்தது. தன்பாலின ஈர்ப்புடையவரைப் பொறுப்பாளராக ஏற்க மறுக்கும் உரிமை அமைப்புக்கு உண்டு என்று 2000ஆம் ஆண்டு டேல் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. வழக்கில் வென்ற அமைப்பே பின்னர் சமூகத்தின் அழுத்தத்துக்குப் பணிந்தது. 2013இல் தன்பாலின ஈர்ப்புடைய சிறுவர்களுக்கும் 2015இல் பொறுப்பாளர்களுக்கும் இருந்த தடை நீங்கியது. 2019இல் முதன்மைப் பிரிவில் சிறுமியர் சேர்க்கப்பட்டனர். 2025இல் அமைப்பின் பெயரிலிருந்தே ‘சிறுவர்’ என்னும் சொல் நீக்கப்பட்டது.

பிரிட்டனில் கடவுள் நம்பிக்கையற்ற பிள்ளைகள் தம் மனசாட்சிக்கு மாறாக உறுதிமொழி எடுக்க வேண்டியதில்லை என்று முடிவாகி, 2014 முதல் மாற்று உறுதிமொழி நடைமுறைக்கு வந்தது.

இவற்றிலிருந்து நாம் கற்பவை இரண்டு. முதலாவது, ஒதுக்கலின் பெயரைச் சொல்லி, அதற்கென்று தனி விதி எழுதிய பிறகே ஒவ்வொரு கதவும் திறந்தது. இரண்டாவது, எந்தக் கதவும் உள்ளிருப்போரின் நல்லெண்ணத்தால் மட்டும் திறக்கவில்லை. வெளியே நின்றோர் தட்டினார்கள். இந்தியாவில் தட்ட வேண்டியவர்கள் நாம்.

சேரன்மாதேவி முதல் நாங்குநேரி வரை

தமிழ்நாட்டுக்கு இந்தச் சிக்கல் புதிதன்று. நூறு ஆண்டுகளுக்கு முன், திருநெல்வேலிச் சீமையின் சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலம், தேசத்தொண்டுக்கு இளைஞரைப் பயிற்றும் நவீன முயற்சியாகப் போற்றப்பட்டது. காங்கிரசின் பொது நிதியும் அதற்குச் சென்றது. ஆனால் அங்கே பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி. 1924-25இல் அது வெளிப்பட்டபோது பெரியாரும் வரதராசுலு நாயுடுவும் எழுப்பிய எதிர்ப்பு தமிழ்நாட்டு அரசியலின் திசையையே மாற்றியது. ஆயினும் அந்த விவாதம் பார்ப்பனர், பார்ப்பனரல்லாதார் என்னும் எல்லையிலேயே நின்றது. தலித் பிள்ளைக்கு அந்தப் பந்தியில் இடமுண்டா என்ற கேள்வி அதன் மையத்துக்கு வரவில்லை.

அதே திருநெல்வேலி மாவட்டத்தின் நாங்குநேரியில், 2023 ஆகஸ்டில், பன்னிரண்டாம் வகுப்புத் தலித் மாணவரை உடன் படித்த ஆதிக்க சாதி மாணவர்கள் அவருடைய வீட்டுக்குள் புகுந்து அரிவாளால் வெட்டினர். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டார். பள்ளியில் தமக்கு நேர்ந்த துன்புறுத்தலை அவர் சொன்னதே அவர்களுடைய பார்வையில் குற்றமாயிற்று. 2025 மார்ச்சில் தூத்துக்குடி மாவட்டத்தில், தேர்வெழுதப் புறப்பட்ட தலித் மாணவர் ஒருவர் பேருந்திலிருந்து இழுக்கப்பட்டு விரல்கள் வெட்டப்பட்டார்.

நாங்குநேரிக் கொடுமைக்குப் பின் அமைக்கப்பட்டதே சந்துரு குழு. அதன் பரிந்துரைகளில் பொதுவெளியில் அதிகம் பேசப்பட்டவை கயிற்றுத் தடையும் பள்ளிப் பெயர்களிலுள்ள சாதி ஒட்டை நீக்குவதும்தான். குறைவாகப் பேசப்பட்டது, அனைத்துச் சமூகத்து மாணவர்களையும் கொண்ட ‘சமூகநீதி மாணவர் படை’ ஒன்றைச் சீருடையோடும் பயிற்சியோடும் உருவாக்க வேண்டும் என்னும் பரிந்துரை. சாதியை எதிர்கொள்ளத் தனி மாணவர் படை தேவை என்று குழு கருதியது சரியே. அதே வேளையில் நமக்கு ஒரு கேள்வி எழுகிறது. சாரணர், தேசிய மாணவர் படை, நாட்டு நலப்பணித் திட்டம், இளம் செஞ்சிலுவைச் சங்கம் ஆகிய நான்கும் பள்ளிகளில் இருந்தும், சாதிக்கு எதிராக ஐந்தாவது ஒன்று தேவைப்பட்டது ஏன்? இருக்கும் அமைப்புகள் சேவையைப் பேசின, சாதியைப் பேசவில்லை.

அணி என்னும் கருவி

சாரணர் பயிற்சியின் உயிர்நாடி அணி முறை. ஆறு முதல் எட்டுப் பிள்ளைகள் ஓர் அணி. அந்த அணி தன் கூடாரத்தைத் தானே அடிக்கிறது, தண்ணீரைத் தானே சுமக்கிறது, உணவைத் தானே சமைக்கிறது. பாத்திரமின்றிச் சமைப்பது ஒரு தனிப் பயிற்சி. சாரணர்கள் ஒருவரையொருவர் சந்திக்கும்போது இடக்கையால் கைகுலுக்குவது மரபு. தொடுதல், தண்ணீர், உணவு, உறங்கும் இடம் ஆகியவையே தீண்டாமை தன் எல்லைக்கோட்டை வரையும் களங்கள். அவை அனைத்தையும் அணி முறை பொதுவாக்கிவிடுகிறது. காலை உணவுத் திட்டத்தில் தலித் பெண் சமைத்தார் என்பதற்காக 2023இல் கரூர் மாவட்டத்தில் பெற்றோர் சிலர் தம் பிள்ளைகளை உண்ணவிடாமல் தடுத்த மாநிலத்தில், தலித் சிறுவன் கிண்டிய கஞ்சியை அணி முழுவதும் பகிர்ந்து உண்பது சிறிய செய்தியன்று.

இதை மிகைப்படுத்தவும் கூடாது. பல சாதிகள் தமக்குள் சமபந்தி உண்டும் சாதியுணர்வு அழியவில்லை என்று 1936இல் ‘சாதி ஒழிப்பு’ நூலில் அம்பேத்கர் எச்சரித்தார். உண்மையான மருந்து கலப்பு மணம் என்றும், அதற்குத் தடையாக நிற்கும் சாத்திரங்களின் புனிதத்தை உடைக்க வேண்டும் என்றும் அவர் வாதிட்டார். மூன்று நாள் முகாமில் ஒன்றாக உண்ட பிள்ளை நான்காம் நாள் ஊருக்குத் திரும்பிச் சேரிக்குள் கால்வைக்க மறுத்தால், அந்த முகாம் விளையாட்டாக மட்டுமே எஞ்சும்.

ஆகவே பந்தியைவிட முதன்மையானது அதிகாரம். அணிக்குத் தலைவர் உண்டு. அணித்தலைவர்கள் கூடிப் படையின் விவகாரங்களை முடிவு செய்யும் அவையும் உண்டு. தலித் மாணவி அணித்தலைவியாக நின்று கட்டளையிட, ஆதிக்க சாதி மாணவி அதை ஏற்றுச் செயல்படும் தருணத்தில்தான் அணி முறை தன் வேலையைத் தொடங்குகிறது. சேர்ந்து உண்பதைச் சகித்துக்கொள்ளும் சாதி, கட்டளைக்குக் கீழ்ப்படிவதை எளிதில் சகித்துக்கொள்வதில்லை. தலைமை சுழற்சி முறையில் அமைய வேண்டும் என்று நாம் கேட்பது இதனால்தான். ஆசிரியரின் விருப்பத்துக்கு விட்டால், வகுப்புத் தலைவர் பதவி எவருக்குச் செல்கிறதோ அவருக்கே அணித்தலைமையும் செல்லும்.

வேலைப் பங்கீட்டுக்கும் இது பொருந்தும். தலித் மாணவர்களைக் கொண்டு கழிவறையைத் தூய்மைப்படுத்திய குற்றத்துக்காகத் தமிழ்நாட்டில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்குப் பதிவாகியிருக்கிறது. ‘சேவை’ என்னும் சொல்லின் நிழலில் அதே பங்கீடு முகாமுக்குள் நுழைய இடமளிக்கலாகாது. சமையல், தண்ணீர், விறகு, துப்புரவு ஆகிய நான்கும் அகரவரிசைப்படி சுழன்று வர வேண்டும். அந்தப் பட்டியல் முகாம் வாயிலில் எல்லோர் கண்ணுக்கும் படும்படி ஒட்டப்பட வேண்டும்.

உறுதிமொழியும் தூய்மையும்

சாரணராகச் சேரும் பிள்ளை கடவுளுக்கும் நாட்டுக்கும் தன் கடமையைச் செய்வதாக உறுதி கூறுகிறது. ‘கடவுள்’ என்னும் சொல்லை விரும்பாதோர் அதனிடத்தில் ‘தர்மம்’ என்று சொல்லலாம் என்று இந்திய விதி இடமளிக்கிறது. விதியை எழுதியோர் அதைப் பெருந்தன்மையாகவே எண்ணியிருக்கக்கூடும். வருணாசிரமத்தைக் கடமையாக வகுத்த சொல்லும் அதுவேயாகையால், தலித் பிள்ளைக்கு அது மாற்றாக அமையாது. பௌத்தம் தழுவிய குடும்பத்துப் பிள்ளையும் பகுத்தறிவாளர் வீட்டுப் பிள்ளையும் எதைச் சொல்வார்கள்? பிரிட்டனில் இயன்றது இங்கே இயலாதா? ‘அரசமைப்புச் சட்டத்தின் விழுமியங்களுக்கு’ என்னும் மூன்றாவது தெரிவு ஒன்றைச் சேர்ப்பதால் எவருடைய நம்பிக்கையும் புண்படாது.

சட்டத்தின் ஒன்பதாவது கூறு எண்ணத்திலும் சொல்லிலும் செயலிலும் தூய்மையைக் கோருகிறது. நேர்மையைக் குறிப்பதே அதன் நோக்கம் என்பதை நாம் அறிவோம். ஆனால் தூய்மை, தீட்டு என்னும் இரு சொற்களின் மீதே சாதி கட்டி எழுப்பப்பட்ட நாட்டில், பத்து வயதுப் பிள்ளையிடம் அச்சொல்லை விளக்கமின்றிக் கொடுப்பது பொறுப்பாகாது. பிறரைத் தீட்டெனக் கருதும் எண்ணமே மனத்தின் அழுக்கு என்று சாரண ஆசிரியர் அந்த ஒன்பதாவது கூறைக் கொண்டே கற்பிக்க முடியும். அதற்கு அவருடைய பயிற்சிக் கையேட்டில் அந்த வரி இருக்க வேண்டும்.

விருதும் வேலையும்

சாரணியம் பொழுதுபோக்கு மட்டுமன்று, அது வாழ்க்கை வாய்ப்பும் ஆகும். படிநிலைத் தேர்வுகளைக் கடந்து ராஜ்ய புரஸ்கார் விருதும், அதன் பின் குடியரசுத் தலைவர் விருதும் பெறுவோர் உண்டு. ரயில்வே துறை சாரணர்க்கென ஒதுக்கீடு வைத்து ஆட்களைத் தேர்வு செய்கிறது. குடியரசுத் தலைவர் விருது அதற்கான தகுதிகளுள் ஒன்று. ஆகவே, எந்தப் பள்ளியில் படை இருக்கிறது, எந்தப் பிள்ளைக்குச் சீருடை வாங்க முடிகிறது, எந்தப் பெற்றோரால் முகாம் கட்டணமும் பயணச் செலவும் தாங்க முடிகிறது என்பவை சமூகநீதிக் கேள்விகளே. கூலி வேலைக்குச் செல்லும் தாயின் மகளுக்குச் சீருடையும் காலணியும் தொலைவிலுள்ள முகாமும் மூன்று தனித்தனித் தடைகள். மூன்றில் ஒன்றைத் தாண்ட முடியாவிட்டாலும் விருது அவளுக்கில்லை. விருது இல்லையெனில் ஒதுக்கீடும் இல்லை.

விருது பெறுவோரின் சமூகப் பின்னணி குறித்த விவரங்களை இயக்கம் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். பட்டியலின, பழங்குடி மாணவர்களின் சீருடைச் செலவையும் முகாம் செலவையும் அரசே ஏற்க வேண்டும். 2025இல் மணப்பாறையில் நடந்த வைர விழாப் பெருந்திரளணிக்குத் தமிழ்நாடு அரசு பெரும் ஏற்பாடுகளைச் செய்தது. பெருவிழாவுக்குக் கை நீட்டும் அரசுக்கு ஓர் ஏழைச் சிறுமியின் காலணிக்குக் கை நீட்டுவது கடினமாக இராது.

இங்கே எச்சரிக்கை ஒன்றும் தேவை. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளிலும் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளிலும் படைகளைத் தொடங்க வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. ஆனால் அவை தனித்து விடப்பட்டால், தென்னாப்பிரிக்காவின் ‘பாத்ஃபைண்டர்’ கதை இங்கே அரசாணையின் பேரிலேயே அரங்கேறும். நலப் பள்ளிப் படையும் அருகிலுள்ள பொதுப் பள்ளிப் படையும் ஒரே முகாமில், கலந்த அணிகளாக இயங்க வேண்டும். தனிப் படை தொடக்கப் புள்ளியாக இருக்கலாம், முடிவாக இருக்கலாகாது.

பிள்ளையின் பாதுகாப்பு

கதவைத் திறந்தால் மட்டும் போதாது, உள்ளே வந்த பிள்ளை பாதுகாப்பாக இருக்க வேண்டும். அமெரிக்கச் சாரணர் அமைப்பு 2020இல் திவால் நடைமுறையை நாடியபோது, சிறுவயதில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானதாக 82,000க்கும் மேற்பட்டோர் இழப்பீடு கோரினர். உயர்ந்த உறுதிமொழியும் அழகிய சீருடையும் எந்தப் பிள்ளையையும் காப்பதில்லை. குற்றம் நேர்ந்தால் எவரிடம் சொல்வது, சொன்னவரை எவர் காப்பது என்னும் ஏற்பாடே காக்கிறது. சாதிச் சமூகத்தில் இதன் கனம் கூடுகிறது. புகார் சொன்ன பிள்ளையின் வீடு தேடி அரிவாள் வரும் என்பதை நாங்குநேரி காட்டியது. எனவே முகாம்களில் எழும் சாதிய, பாலியல் புகார்கள் படையின் பொறுப்பாசிரியரோடு முடங்காமல், மாவட்ட அளவில் பட்டியலினத்தவரும் பெண்களும் இடம்பெற்ற குழுவுக்குச் செல்ல வேண்டும். புகாரளித்தவரின் பெயர் வெளியாகாமல் காக்கப்பட வேண்டும்.

வரைபடம் கற்பது எதற்கு?

காலத்துக்கேற்ற கல்வி என்றதும் கணினியை நினைக்கிறோம். சாரணியத்தின் பழைய திறன்களே, சரியான கேள்வியோடு இணைந்தால், மிகவும் நவீனமானவை. வரைபடம் வரைவது அடிப்படைப் பயிற்சிகளுள் ஒன்று. பிள்ளைகள் பெரும்பாலும் பள்ளி வளாகத்தையோ முகாம் மைதானத்தையோ வரைகிறார்கள். அவர்கள் தம் ஊரை வரையட்டும். குடிநீர்த் தொட்டி எங்கே இருக்கிறது? குழாய் எந்தத் தெருவோடு நின்றுவிடுகிறது? பேருந்து எங்கே திரும்பிவிடுகிறது? சுடுகாடு ஒன்றா, இரண்டா? சுடுகாட்டுக்குச் செல்லும் பாதை எவர் நிலத்தின் வழியே செல்கிறது? ஊரும் சேரியும் கலந்த அணி இந்த வரைபடத்தைச் சேர்ந்து வரையும்போது, ஆதிக்க சாதிப் பிள்ளை அதுவரை பார்த்தும் பாராதிருந்த ஒன்றைத் தன் கையாலேயே கோடாக இழுக்கிறது. ஒருகாலத்தில் இந்தியச் சிறுவர்களிடம் வரைபடத்தைக் கொடுக்க ஆட்சியாளர்கள் அஞ்சியது காரணமின்றி அன்று.

முதலுதவியோடு மலக்குழி மரணங்களையும், அவற்றைத் தடுக்க 2013இல் இயற்றப்பட்ட சட்டத்தையும் கற்பிக்கலாம். கடிதம் எழுதும் பயிற்சியோடு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு எழுதும் பயிற்சியைச் சேர்க்கலாம். நீச்சலுக்கும் சமையலுக்கும் தேர்ச்சிச் சின்னம் உண்டெனில், அரசமைப்புச் சட்டத்தின் முகப்புரையை அறிந்து அதன்படி ஒரு பணியைச் செய்து முடித்தவருக்கும் சின்னம் வேண்டும்.

நாம் கேட்பவை

சாரணர் சட்டத்தின் மூன்றாவது கூறில் ‘எந்தச் சாதியினராயினும், எந்த மதத்தினராயினும், எந்தப் பாலினத்தவராயினும்’ என்னும் சொற்கள் இடம்பெற வேண்டும். அணிகள் கலந்தவையாகவும் தலைமை சுழற்சியாகவும் அமைய வேண்டும். உறுதிமொழியில் அரசமைப்புச் சட்டம் ஒரு தெரிவாக வேண்டும். விருதுகள் குறித்த சமூகத் தணிக்கை வேண்டும். சாரண ஆசிரியர் பயிற்சியில் சாதி குறித்த பாடம் கட்டாயமாக வேண்டும். சந்துரு குழு பரிந்துரைத்த சமூகநீதி மாணவர் படையை அரசு உருவாக்கும்போது, ஏற்கெனவே இயங்கும் சாரணர் படைகளை அதற்கு வெளியே விட்டுவிடாமல் அதன் நோக்கத்தோடு இணைக்க வேண்டும்.

2017இல் பாரதிய சனதாக் கட்சியின் எச். ராஜா தமிழ்நாட்டுச் சாரணர் அமைப்பின் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டுத் தோற்றபோது, சில நாள்கள் மாநிலமே இந்த இயக்கத்தைப் பற்றிப் பேசியது. நாற்காலியில் எவர் அமர்வது என்பதோடு அந்தப் பேச்சு ஓய்ந்தது. முகாமின் பந்தியில் எவர் எவரோடு அமர்கிறார் என்ற கேள்வியை எவரும் எழுப்பவில்லை. கல்லூரிகளில் திரி சாரணர், திரி சாரணியர் பிரிவுகளில் இருக்கும் மாணவத் தோழர்கள் அந்தக் கேள்வியை எழுப்பலாம். உங்கள் அடுத்த முகாமின் அணிப்பட்டியலையும் வேலைப் பட்டியலையும் வாங்கிப் பாருங்கள். தலைவர்கள் எவர், துப்புரவு எவர் என்று எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணிக்கையை எழுத்தில் பதிவு செய்து பொறுப்பாளரிடம் விளக்கம் கேளுங்கள்.

கயிற்றை அறுக்கச் சுற்றறிக்கை ஒன்று போதும் என்று அரசு நம்புகிறது. அறுத்த கயிறு மறுநாளே வேறொரு நிறத்தில் திரும்பி வந்துவிடுகிறது. கயிற்றுக்கு மாற்றாகப் பிள்ளைக்குக் கட்டிக்கொள்ள ஒன்று வேண்டும், அதற்குரிய பொருளும் வேண்டும். ஸ்கார்ஃபுக்கு அந்தப் பொருள் இன்னும் கிடைக்கவில்லை. சாதியின் பெயரைச் சொல்லி அதை மறுக்கும் சட்டத்தின் அடையாளமாக அது கட்டப்படும் நாளில் கிடைக்கும்.